தானாகத் திரும்பும் கழுத்து: ஊசி போட்ட பிறகும் பயிற்சி எதற்கு?

கேள்வி:

எனக்கு 46 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். இரண்டு வருடமாக என் தலை தானாக இடது பக்கம் திரும்பிக்கொள்கிறது. பிடித்து நேராக வைத்தால் வெடுக் வெடுக்கென்று ஆடுகிறது. பின்கழுத்து வலி தாங்க முடியவில்லை. முதலில் எலும்புத் தேய்மானம் என்று சொல்லி ஐந்து மாதம் கழுத்துப் பட்டை போடச் சொன்னார்கள். கழுத்தை இழுக்கும் மிஷினில் பத்து நாள் படுத்தேன், வலி கூடியதுதான் மிச்சம். சுளுக்கு எடுத்தும் பார்த்தாயிற்று. கடைசியில் கோவையில் ஒரு நரம்பு டாக்டர்தான் இது டிஸ்டோனியா என்று சொல்லி, பத்து வாரத்துக்கு முன்னால் போடாக்ஸ் ஊசி போட்டார். மூன்றாவது வாரத்திலிருந்து நன்றாக இருந்தது. இப்போது மறுபடி திரும்ப ஆரம்பித்திருக்கிறது. அடுத்த ஊசியோடு பிசியோதெரபியும் செய்யச் சொல்கிறார். ஏற்கெனவே பட்ட பாடு போதாதா என்று பயமாக இருக்கிறது. தலை திரும்புவது இடது பக்கம்; வலது பக்கக் கழுத்தில் எதற்கு ஊசி? இது விஷம் என்கிறார்களே, உண்மையா? ஆயுசு முழுக்கப் போட வேண்டுமா? தாடையில் ஒரு விரலை வைத்தால் தலை நேராகிவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு, “நடிக்கிறாள், மனசுதான் சரியில்லை” என்கிறார்கள் வீட்டில். இன்னும் எட்டு வாரத்தில் என் மகளுக்குக் கல்யாணம். அன்றைக்காவது நேராக நிற்க முடியுமா?

ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இருபது வருடத்துக்கு மேலாக நரம்பியல் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். உங்கள் கடிதத்தில் ஊசியைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கெல்லாம் வருகிறேன். முதலில் அந்த விரலைப் பற்றிப் பேசிவிடலாம். இரண்டு வருட வலியைவிட அந்த ஒரு சொல், “நடிக்கிறாள்” என்பது, உங்களை அதிகமாகக் காயப்படுத்தியிருக்கிறது என்று படிக்கும்போதே தெரிந்தது.

தாடையிலோ கன்னத்திலோ பிடரியிலோ விரலை லேசாக வைத்தால் தலை நேராகிவிடுவது, இந்த நோய்க்கே உரிய அடையாளம். உலகத்தில் எந்த ஊரில் கேட்டாலும், இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இப்படி ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். ஒருவர் காதோரத்தைத் தொடுவார், இன்னொருவர் சுவரில் பின்னந்தலையைச் சாய்ப்பார். தள்ளுவதற்குத் தேவையான பலம் அந்த விரலில் இல்லவே இல்லை, சும்மா தொடுகிறது, அவ்வளவுதான். தோலிலிருந்து போகும் அந்தச் சின்னச் செய்தி, மூளையில் குழம்பிப்போன கணக்கைக் கொஞ்ச நேரத்துக்குச் சரிசெய்துவிடுகிறது. இது நரம்பியல் டாக்டர்கள் தேடிப் பார்த்துக் குறித்துக்கொள்கிற அறிகுறி. நோய் உண்மையானது என்பதற்கு அது சாட்சி. தூங்கும்போது தலை திரும்புவது அடங்கிவிடுவதும், காலையில் எழுந்த கொஞ்ச நேரம் நன்றாக இருப்பதும்கூட இந்த நோயின் இயல்புதான். உங்கள் வீட்டில் அதையும் கவனித்துத் தப்பாகப் பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வீட்டாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மருத்துவ உலகமே நீண்ட காலம் அப்படித்தான் நினைத்தது. ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் 1911-ல் டிஸ்டோனியா என்ற பெயரை வைத்த பிறகும், பல பத்தாண்டுகள் இந்த நோயாளிகளை மனநோய்க் கணக்கில்தான் சேர்த்துவந்தார்கள். இப்போது தெளிவாகிவிட்டது: மூளையின் ஆழத்தில் அசைவுகளைச் சீர்படுத்துகிற பகுதிகளும் சிறுமூளையும் சேர்ந்து வேலை செய்யும் வலைப்பின்னலில் வருகிற கோளாறு இது. ஒரு தசையை இயக்கும்போது அதற்கு எதிர்த்தசையை அடக்கி வைக்க வேண்டும் அல்லவா? அந்த அடக்கம் கெட்டுப்போகிறது. பெரியவர்களுக்கு உடம்பின் ஒரு பகுதியில் மட்டும் வரும் டிஸ்டோனியாக்களில் அதிகம் காணப்படுவது கழுத்தில் வருவதுதான். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நாற்பது, ஐம்பது வயதுகளில்தான் பெரும்பாலும் தொடங்கும். வருத்தமும் பதற்றமும் இந்த நோயோடு சேர்ந்து வருவது உண்டு, தலை திரும்பியபடியே பஸ்ஸில் நாலு பேர் முன்னால் உட்கார வேண்டியிருந்தால் யாருக்குத்தான் வராது? அதற்கும் உதவி கேளுங்கள், தயங்க வேண்டாம். அதனால் நோய் மனதில் இருந்து வந்தது என்று ஆகாது. இந்தப் பகுதியை வீட்டில் இருப்பவர்களிடம் படிக்கக் கொடுங்கள்.

சரி, வலது பக்கம் ஏன் ஊசி போட்டார்? இதை நீங்களே தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கண்ணாடி முன்னால் நின்று தலையை இடது பக்கம் திருப்புங்கள். காதுக்குப் பின்னாலிருந்து கழுத்துக்குக் கீழே உள்ள காறையெலும்பு வரைக்கும் சாய்வாக ஒரு கயிறு போலப் புடைத்து வரும். எந்தப் பக்கம் வருகிறது? வலது பக்கம். முன்கழுத்தின் வலது பக்கத் தசைதான் முகத்தை இடப்பக்கம் திருப்புகிறது. அதற்குத் துணையாக, பின்கழுத்தில் இடது பக்கத் தசை ஒன்று தலையைத் தன் பக்கம் இழுக்கிறது. உங்களுக்கு வலி எங்கே அதிகம்? பின்கழுத்தின் இடது பக்கமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆக, முன்னால் வலதும் பின்னால் இடதும் சேர்ந்து செய்யும் வேலை இது. உங்கள் டாக்டர் சரியான இடத்தில்தான் போட்டிருக்கிறார்.

இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது, அதுதான் உங்கள் பயிற்சிக்கு அடிப்படை. முகத்தை வலப்பக்கம் திருப்புவதற்கும் இதே போல ஒரு ஜோடி இருக்கிறது: முன்னால் இடது, பின்னால் வலது. இரண்டு வருடமாக முதல் ஜோடி ஓயாமல் இழுத்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது ஜோடிக்கு வேலையே இல்லாமல் போய், அது பலம் குறைந்து, எப்போது இயங்க வேண்டும் என்பதையே மறந்துபோய்க் கிடக்கிறது. ஊசி முதல் ஜோடியின் பிடியைத் தளர்த்தும். இரண்டாவது ஜோடியைத் தட்டி எழுப்புகிற வேலையை எந்த ஊசியாலும் செய்ய முடியாது. உங்கள் தொழிலை வைத்துச் சொன்னால், கோணலாகப் போன தையலை ஊசி பிரித்துக் கொடுக்கிறது. பிரித்த துணி அப்படியே கிடந்தால் சட்டை ஆகாது. நேராகத் திரும்பத் தைக்க வேண்டும், அதுவும் மறுபடி சுருங்குவதற்கு முன்னால்.

விஷமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், அது ஒரு பாக்டீரியா உண்டாக்குகிற நஞ்சுதான், மறைக்க வேண்டியதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கெட்டுப்போன இறைச்சிக் குழல்களைத் தின்று பலர் கைகால் விழுந்து இறந்தார்கள். அதை ஆராய்ந்த யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர், இந்த நஞ்சைத் துளியளவு கொடுத்தால் அளவுமீறி இயங்கும் உறுப்புகளை அடக்க உதவும் என்று 1822-லேயே எழுதினார். 150 வருடம் கழித்து, அமெரிக்காவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் மாறுகண்ணுக்கு இதைப் போட்டுக் காட்டினார். கழுத்துக்குப் போட்டுப் பார்த்த முறையான சோதனையின் முடிவு கனடாவிலிருந்து 1986-ல் வெளிவந்தது. இன்று இந்த நோய்க்கு முதல் சிகிச்சை இந்த ஊசிதான். நரம்பு முனையிலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் ரசாயனத்தை இது வெளியே விடாமல் தடுக்கிறது. கட்டளை வராத தசை தளர்ந்துவிடுகிறது. போட்ட ஓரிரு வாரத்துக்குள் தெரியத் தொடங்கி, நான்காவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்கு வந்து, மூன்று மாதத்தில் நரம்பு முனை தன்னைச் சரிசெய்துகொண்டதும் வேகம் குறைந்துவிடும். அதனால் உங்களுக்குப் பத்தாவது வாரத்தில் திரும்பத் தொடங்கியது மருந்து தோற்றுப்போனதால் அல்ல. எதிர்பார்த்ததுதான்.

ஆயுசு முழுக்கப் போட வேண்டுமா என்றால், பெரும்பாலானவர்களுக்குப் பல வருடம் தொடர வேண்டியிருக்கிறது. சிலருக்கு நோய் தானாக அடங்குவதும் உண்டு, ஆனால் அதை நம்பிக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். இது பழக்கமாகிவிடுகிற மருந்து இல்லை. ஒன்று மட்டும் கவனம்: சீக்கிரம் சீக்கிரமாகப் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். மூன்று மாதத்துக்குள் அடிக்கடி போட்டால் உடம்பு மருந்தை எதிர்க்கும் பொருளை உருவாக்கிக்கொள்ளலாம், பிறகு ஊசி கேட்காமலே போகலாம். கஷ்டப்பட்டாவது பன்னிரண்டு வாரம் பொறுத்திருங்கள்.

இப்போது பிசியோதெரபி. உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கழுத்தை இழுக்கும் ட்ராக்‌ஷன் சிகிச்சை, எலும்பு இடைவெளியில் நரம்பு அழுத்தப்படுகிற சிலருக்காக ஏற்பட்டது. டிஸ்டோனியாவில் தசையை வெளியிலிருந்து இழுத்தால், மூளை அதை எதிர்த்து இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே தவறைச் செய்திருக்கிறேன். தலை ஒரு பக்கம் சாய்ந்து வந்த ஒரு பெரியவருக்கு, சீட்டில் தேய்மானம் என்று எழுதியிருந்ததால், எதையும் யோசிக்காமல் ட்ராக்‌ஷன் போட்டேன். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தார். நான்காம் நாள் வரவில்லை. சில மாதம் கழித்து நரம்பியல் பிரிவு வராந்தாவில் அவரைப் பார்த்தபோது, கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தக் கையை முதல் நாளே நான் பார்த்திருந்தேன், என்னவென்று கேட்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. 46 வயதில் எக்ஸ்ரே எடுத்தால் பலருக்குக் கழுத்தில் கொஞ்சம் தேய்மானம் தெரியும். அதனால் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து முடிவு செய்தால் இந்த நோய் கையை விட்டு நழுவிவிடும்.

ஆகவே ட்ராக்‌ஷன் வேண்டாம். நாள் முழுக்கக் கழுத்துப் பட்டை வேண்டாம், அது எதிர்த்தசைகளை இன்னும் சோம்பேறியாக்கும். சுளுக்கு எடுப்பது, கழுத்தைச் சடக்கென்று திருப்பிச் சொடுக்குவது, இரண்டுமே கூடாது. இறுகிய தசையைப் போட்டு அமுக்கிப் பிசைவதும் வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் வலிக்கு இதமாக இருந்தால் கொடுத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை, ஆனால் அதுதான் பிசியோதெரபி என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது வேறு மாதிரி. பாரிஸில் ழான் பியர் ப்ளெத்தோன் என்ற பிசியோதெரபிஸ்ட் இந்த நோய்க்கென்றே ஒரு முறையை வளர்த்தெடுத்தார். இழுக்கும் தசையோடு மல்லுக்கு நிற்காமல், சரிசெய்யும் தசைக்குத் திரும்பத் திரும்ப வேலை கொடுத்துப் பழக்குவதுதான் அதன் சாரம். நான் செய்வதும் ஏறக்குறைய அதுதான்.

முதலில் ‘நடு’ எது என்று மூளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, உங்களுக்கு நேர் என்று தோன்றுகிற இடத்தில் தலையை வையுங்கள். கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பாருங்கள். பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். நேர் என்று நினைத்தது பத்து, பதினைந்து பாகை இடது பக்கம் போயிருக்கும். கோணல்தான் நேர் என்று மூளை முடிவுகட்டிவிட்டது. இதைத் திருத்த, கண்ணாடியின் நடுவில் ஒரு நூலின் நுனியில் பாபினைக் கட்டித் தொங்க விடுங்கள். உங்கள் மூக்கும் தாடையும் அந்த நூலோடு ஒன்றாக வரும்படி தலையைக் கொண்டுவாருங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்காமல், பத்து எண்ணும் வரை இருங்கள். பிறகு கண்ணை மூடி அதே இடத்தை நினைவில் பிடிக்கப் பாருங்கள். இப்படி ஐந்தாறு தடவை. முதல் வாரம் அழுகை வரும், பரவாயில்லை.

அடுத்தது வலப்பக்கம் திருப்புவது. முதலில் கண் போகட்டும், தலை அதற்குப் பின்னால் வரட்டும். வலப்பக்கம் ஜன்னலோ காலண்டரோ ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாக முகத்தைத் திருப்புங்கள். போகிற வரை போய், ஐந்து விநாடி நின்று, நடுவுக்குத் திரும்பி வாருங்கள். திரும்பி வருவதுதான் கஷ்டம். நடுவில் நிற்காமல் இடது பக்கம் ஓடிவிடப் பார்க்கும். நடுவில் நிறுத்துவதற்குத்தான் இந்தப் பயிற்சியே. உட்கார்ந்து செய்ய முடியாவிட்டால் தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்துத் தொடங்குங்கள். தரை தலையைத் தாங்கும்போது ஆட்டம் குறையும். நாலைந்து நாளில் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு நடந்துகொண்டே என்று கூட்டிக்கொண்டு போகலாம்.

மூன்றாவதாக, எதிர்த்தசைக்குப் பலம் சேர்ப்பது. வலது உள்ளங்கையை வலது கன்னத்தில் வைத்து, முகத்தை வலப்பக்கம் திருப்புவது போலக் கையை நோக்கித் தள்ளுங்கள், கை விட்டுக்கொடுக்கக் கூடாது. தலை அசையாமல் தசை மட்டும் வேலை செய்யும். முழு பலத்தையும் போடாதீர்கள், பாதி போதும். ஐந்து விநாடி, விட்டுவிடுங்கள், எட்டு தடவை. இதில் ஒரு நன்மை இருக்கிறது: கை கன்னத்தைத் தொடுவதால் உங்கள் விரல் மந்திரமும் கூடவே வேலை செய்யும். பழகிய பிறகு, விரலைத் தாடையில் வைத்துத் தலையை நடுவுக்குக் கொண்டுவந்து, விரலை ஒரு நூலிழை அளவுக்கு விலக்கி, தொடாமலே தலையை அங்கே நிறுத்தப் பாருங்கள். முதலில் இரண்டு விநாடி, பிறகு பத்து விநாடி. விரலை மறைக்க வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். அதுதான் உங்களிடம் இருக்கும் கருவி.

இடது தோள் மேலே ஏறியிருக்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோயில் தோளும் சேர்ந்து தூக்கிக்கொள்வது சகஜம். தோளைக் காதுவரை தூக்கி, மூச்சை விடும்போது அப்படியே கீழே விடுவது, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை, வேலை நடுவில்கூடச் செய்யலாம்.

ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் செய்வதைவிட, பத்து பத்து நிமிடமாக ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை செய்வது நல்லது. களைத்துப்போன கழுத்து தப்பான பாடத்தைத்தான் கற்றுக்கொள்ளும். வலி சுள்ளென்று ஏறினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

இதையெல்லாம் எப்போது செய்வது என்பது முக்கியம். ஊசி போட்ட அன்று கழுத்தைத் தேய்க்க வேண்டாம், சும்மா விடுங்கள். முதல் வாரம் கண்ணாடிப் பயிற்சியும் தோள் பயிற்சியும் போதும். இரண்டாவது வாரக் கடைசியில் பிடி தளர்ந்திருக்கும், அப்போது மற்றவற்றைத் தொடங்குங்கள். மூன்றிலிருந்து எட்டாவது வாரம் வரைதான் நல்ல விளைச்சல் காலம். ஈரம் இருக்கும்போது உழுவது போல, அந்த நாட்களில் ஒன்றைக்கூட வீணாக்காதீர்கள். கழுத்து நன்றாக இருக்கிறதே, எதற்குப் பயிற்சி என்று அந்த வாரங்களில்தான் எல்லாருக்கும் தோன்றும். உங்களுக்கும் முதல் ஊசிக்குப் பிறகு அப்படித்தான் போயிருக்கும், உங்களிடம் யாரும் சொல்லவும் இல்லை. ஒன்பதாவது வாரத்துக்கு மேல் மெதுவாகக் குறைத்துக்கொண்டு, எந்த நாளில் எவ்வளவு திரும்புகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஊசியில் டாக்டருக்கு அந்த நோட்டு மிகவும் உதவும்.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். இத்தாலியில் நடந்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், ஊசியோடு பயிற்சியும் செய்தபோது ஊசியின் பலன் கூடுதல் நாள் நீடித்தது, வலி குறைந்தது, அடுத்த தடவை மருந்தும் குறைவாகத் தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான். பிறகு பிரிட்டனில் 2016-லும் நெதர்லாந்தில் 2019-லும், இந்த நோய்க்கென்று வகுத்த சிறப்புப் பயிற்சியையும் சாதாரணக் கழுத்துப் பயிற்சியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிறப்புப் பயிற்சி பெரிதாக முந்தவில்லை, இரண்டு தரப்பும் தேறினார்கள். இதைக் கேட்டுச் சிலர் சோர்ந்துபோகிறார்கள். எனக்கு இது நல்ல செய்தியாகத்தான் படுகிறது. பெரிய நகரத்தில் பெரிய நிபுணரைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட், நோய் என்னவென்று புரிந்துகொண்டு, இழுத்துப் பிசையாமல், உங்களை ஒழுங்காகச் செய்ய வைத்தால் போதும். அரசு மருத்துவமனையில் இயன்முறை மருத்துவப் பிரிவு இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள். மாதம் ஒரு தடவை போய்ச் சரிபார்த்துக்கொண்டு, மற்ற நாள் வீட்டில் செய்யலாம். உங்களுக்கு இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால், ஊசிச் செலவுக்கும் அங்கே கட்டாயம் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது கையில் ஒரு சீட்டு இருக்க வேண்டும். எந்தத் தேதியில், எந்தெந்தத் தசையில், எந்தக் கம்பெனி மருந்து, எத்தனை யூனிட் போடப்பட்டது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி பெயர் எதற்கு என்றால், ஒரு கம்பெனியின் நூறு யூனிட்டும் இன்னொன்றின் நூறு யூனிட்டும் ஒன்றல்ல. போடாக்ஸும் டிஸ்போர்ட்டும் அளவில் மிகவும் மாறுபடும். டாக்டரை மாற்ற நேர்ந்தால் இந்தச் சீட்டு இல்லாமல் அவர் இருட்டில்தான் தொடங்க வேண்டியிருக்கும். ஊசி போடுகிறவரும் பயிற்சி கொடுக்கிறவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லை என்பதுதான் நம் ஊரில் நான் பார்க்கிற பெரிய குறை. எந்தத் தசை இன்னும் இழுக்கிறது என்பது தினமும் தொட்டுப் பார்க்கிற பிசியோதெரபிஸ்டுக்குத் தெரியும். அதை இரண்டு வரி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், அடுத்த ஊசிக்கு அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டாவது, மூன்றாவது தடவையில்தான் ஊசி சரியான தசைகளில் முழுதாகப் பொருந்தி வரும். முதல் தடவையை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

ஊசிக்குப் பிறகு முதல் இரண்டு வாரம் சாப்பிடும்போது கவனமாக இருங்கள். முன்கழுத்துத் தசையில் போட்ட மருந்து கொஞ்சம் பரவினால் விழுங்குவதற்குச் சிரமமாகலாம். நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன வாயாக, குழைவான சோறாகச் சாப்பிடுங்கள். அடிக்கடி புரையேறினால் டாக்டருக்குச் சொல்லுங்கள். மூச்சு விடச் சிரமம், பேச்சுக் குளறல் வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கழுத்து பலமில்லாமல் தொங்குவது போலவும் சில நாள் இருக்கலாம். அந்த நாட்களில் தலைச்சுமை வேண்டாம், பஸ்ஸில் பின்சீட்டு வேண்டாம். வேறு நோய்க்கு ஊசி மருந்து ஏதாவது போட நேர்ந்தால் போடாக்ஸ் போட்டிருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள், ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள் இதன் வேகத்தைக் கூட்டிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள்.

வேலையை விட வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் ஓடும் என்று தெரியும். விட வேண்டாம். தலை குனிந்தே இருக்கும் வேலை என்பதால் சில மாற்றங்கள் மட்டும் செய்யுங்கள். தைக்க வேண்டிய பீஸ் கட்டையோ தைத்து முடித்ததைப் போடும் பெட்டியையோ, மிஷின் அமைப்பு இடம் கொடுக்கிற அளவுக்கு, வலது பக்கம் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு தடவை வலப்பக்கம் திரும்பும்போதும் கூலி இல்லாமல் ஒரு பயிற்சி நடந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற தோழியையும் வலது பக்கம் உட்காரச் சொல்லுங்கள். வீட்டில் டிவி பார்க்கும் இடத்தையும் அப்படியே மாற்றுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை தலையை நிமிர்த்தி எதிர்ச் சுவரை நேராகப் பாருங்கள். ஸ்கூட்டி ஓட்டுவீர்கள் என்றால், வலப்பக்கம் தடையில்லாமல் திரும்பிப் பார்க்க முடிகிற நாட்களில் மட்டும் ஓட்டுங்கள்.

இனி கல்யாணம். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், நாள் நன்றாகவே அமைந்திருக்கிறது. இப்போது உங்களுக்குப் பத்தாவது வாரம். இன்னும் இரண்டு, மூன்று வாரத்தில் அடுத்த ஊசி போட்டுக்கொண்டால், கல்யாணம் வரும்போது ஊசி போட்டு ஐந்து அல்லது ஆறு வாரம் ஆகியிருக்கும். மருந்து நன்றாக வேலை செய்கிற காலம் அது. விழுங்கச் சிரமம் ஏதாவது வந்தாலும் அதற்குள் பெரும்பாலும் தணிந்துவிடும், சாப்பாட்டுப் பந்தியில் சம்பந்திகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம். பயிற்சிக்கும் மூன்று வாரத்துக்கு மேல் கிடைக்கும். நாளையே டாக்டருக்குப் போன் செய்து கல்யாணத் தேதியைச் சொல்லி ஊசித் தேதியை வாங்கிவிடுங்கள். ஊசி வரும் வரை சும்மா இருக்காமல், கண்ணாடிப் பயிற்சியையும் படுத்துச் செய்யும் பயிற்சியையும் இன்றைக்கே தொடங்குங்கள்.

கல்யாணத்துக்கு முந்தைய இரவு எவ்வளவு வேலை இருந்தாலும் ஆறு மணி நேரமாவது தூங்குங்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் கழுத்து அடங்காது. மணமேடையில் மணமக்கள் உங்களுக்கு வலப்பக்கம் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள், அவர்களைப் பார்க்கத் திரும்புவதே பயிற்சியாகிவிடும். அப்புறம், போட்டோகிராபரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: நான் தலையசைத்த பிறகு எடுங்கள் என்று. சேலை முந்தானையைச் சரிசெய்வது போலக் கையைத் தாடைக்குக் கொண்டுபோய், விரலால் ஒரு தடவை தொட்டு, தலை நடுவுக்கு வந்ததும் கையை இறக்கித் தலையசையுங்கள். பத்து விநாடி நிற்கப் பழகியிருப்பீர்கள், ஒரு போட்டோவுக்கு அது தாராளம்.